மூன்று தலைமுறைப் பச்சை

அத்தியாயம் 14

புதன்கிழமை காலை ஏழு மணி. ஆர்டிஸ் ஸ்டக்கி தன் சமையலறைக் கோட்டை மாட்டிக்கொண்டு ஓட்ஸ் கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

சமையலறைக்கென்று தனியாக ஒரு கோட்டு வைத்திருக்கும் பெண்மணி டோலிவர் ஊரிலேயே அவள் ஒருத்திதான். மேற்குப் பக்கத்து ஜன்னல் வழியாக வரும் காற்று அப்படி. ஜன்னல் மூடித்தான் இருக்கும். காற்று அதைப் பற்றிக் கவலைப்படாது. வெர்லின் உட்காருவது அடுப்புப் பக்கத்து நாற்காலியில். ஆர்டிஸ் உட்காருவது ஜன்னல் பக்கத்து நாற்காலியில். மாமனார் விட்டுப்போன இந்த வீட்டுக்குக் குடிவந்த முதல் நாள் யார் எங்கே உட்கார்ந்தார்களோ, அதுவே முப்பத்தொரு வருடமாக நிலைத்துவிட்டது.

"ஆர்டிக்கு ரத்தம் மெல்லிசு" என்பார் வெர்லின், வருகிறவர் போகிறவரிடமெல்லாம்.

மெல்லிசான ரத்தத்துக்குத் துணிச்சல் இருக்கக் கூடாதா என்ன? ஜனவரி மாதம், குளிருக்குப் பயந்து நூலகத்தில் போய் உட்கார்ந்திருந்த ஒரு நாளில்தான் ஆர்டிஸ் அந்தப் படிவத்தைப் பூர்த்தி செய்தாள். 'பிக்கெட் கவுண்டியின் பசுமைக் குடும்பம்' போட்டி. கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி. இருபது கேள்விகள். முதல் பரிசு, மூன்றடுக்குக் கண்ணாடி போட்ட புத்தம் புது ஜன்னல். வந்து பொருத்தியும் தருவார்கள்.

வாரத்துக்கு எத்தனை மூட்டை குப்பை? அரை மூட்டை. துணி உலர்த்துவது எதில்? கயிற்றில். மழைநீர் சேமிப்பு? மாமனார் கட்டிய தொட்டி. காரின் வயது? இருபத்தாறு. விமானப் பயணம்? ஒரே ஒரு முறை, மாமியார் சாவுக்கு. அதுவும் திரும்பி வந்தது பேருந்தில். ஒன்று விடாமல் எல்லாம் உண்மை. எல்லாம் வெர்லினின் கைங்கரியம். வெர்லின் அதைப் பசுமை என்று சொல்ல மாட்டார். 'இருக்கறத வெச்சு ஓட்டறது' என்பார். இருபதாவது கேள்வி மட்டும் அவளுக்குப் புரியவில்லை. காலியாக விட்டுவிட்டாள்.

போன வாரம் பதில் வந்தது. 'வாழ்த்துகள்' என்ற முதல் பக்கத்தைப் படித்து, ஜன்னல் என்ற சொல்லைக் கண்டு, இரண்டாவது பக்கத்தைப் புரட்டுவதற்குள் வாசலில் வெர்லினின் பூட்ஸ் சத்தம். கடிதம் மாவு டப்பாவுக்குள் போய்விட்டது. இன்னும் அங்கேதான் இருக்கிறது.

சொல்லிவிடலாம். எப்படிச் சொல்வது? வரும் செவ்வாய்க்கிழமை, கட்சியின் வேட்பாளர் யார் என்று முடிவுசெய்யக் கட்சிக்குள் நடக்கும் தேர்தல். கவுண்டி ஆணையர் பதவிக்கு வெர்லின் நிற்கிறார், ஊருக்குள் காற்றாலை வரக் கூடாது என்று சொல்லி. ஊர் முழுக்கப் பலகைகள்: 'காற்றாடி வேண்டாம், ஸ்டக்கி வேண்டும்.' அந்தப் பலகைகள்கூட யாரோ தோற்றுப்போனவருடைய பழைய பலகைகள்தான். மேலே வெள்ளையடித்து எழுதியவை.

"இதக் கேளு ஆர்டி" என்றார் வெர்லின். விதைக் கம்பெனி விலைப்பட்டியலின் பின்பக்கத்தில், கட்டைவிரல் நீளம்கூட இல்லாத பென்சிலால் பத்திரிகைக்காக எழுதிய தன் வாரப் பத்தியைத் தூக்கிப் பிடித்தார். "'கவுண்டியில் பசுமை வாரம் கொண்டாடப் போகிறார்களாம். குப்பையை நான்கு தொட்டிகளில் பிரித்துப் போடக் கற்றுத்தர ஒரு குழு. அந்தக் குழுவுக்கு ஒரு தலைவி. அந்தத் தலைவிக்கு ஒரு கார். என் தாத்தாவிடம் தொட்டியே இல்லை, ஏனென்றால் குப்பையே இல்லை.' எப்படி?"

"நல்லாருக்கு" என்றாள் ஆர்டிஸ்.

"நல்லாருக்கா? பசுமைக்காரங்களுக்குத் தொண்டையில முள்ளு மாதிரி சிக்கும்." சொல்லிக்கொண்டே எழுந்து, காலியான ரொட்டிப் பையைக் கழுவி, உலர்வதற்காகப் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே கிளிப்பில் மாட்டினார். அங்கே ஏற்கனவே ஆறு பைகள் தொங்கிக்கொண்டிருந்தன.

"ஆனா எல்லாரும் மோசம்னு சொல்ல மாட்டேன்" என்றார், அடுப்புப் பக்கம் வந்து உட்கார்ந்து. "வெள்ளிக்கிழமை கோர்ட் ஹவுஸ் கவுண்டி ஆபீஸ்லேர்ந்து ஒரு பொண்ணு போன் பண்ணினா பாரு, தங்கமான பொண்ணு. தாத்தா டிராக்டரப் பத்தி என்னமா ஆசையாக் கேட்டா! ஏதோ காலண்டர் போடறாங்க போல. அந்த மாதிரி நாலு பேர் இருந்தா இந்த நாடு உருப்பட்டுடும்."

ஆர்டிஸ் கோட்டுப் பொத்தானை இறுக்கிப் போட்டுக்கொண்டு கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றினாள். அந்தப் பெண்ணைப் பற்றி அவள் ஒன்றும் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும்.

*

பத்து மணிக்குத் தொலைபேசி அடித்தது. மகள் மார்லா. வெர்லின் முப்பது வருடம் நடத்திய 'டோலிவர் லெட்ஜர்' வாரப் பத்திரிகையை ஆறு வருடமாக அவள்தான் ஒண்டியாக நடத்துகிறாள்.

"அம்மா, உடனே ஆபீசுக்கு வா. அப்பாவக் கூட்டிட்டு வராத."

"என்னடி ஆச்சு?"

"வா, வந்து உக்காந்துட்டுக் கேளு."

போனாள். உட்கார்ந்தாள். மார்லா ஒரு தாளை எடுத்து அம்மா முன்னால் வைத்தாள். பசுமைக் குழுவின் செய்திக்குறிப்பு. இந்த ஆண்டின் பசுமைக் குடும்பம், வெர்லின் ஸ்டக்கி குடும்பம். அதுவரை ஆர்டிஸுக்குத் தெரிந்ததுதான். அதற்குக் கீழே இருந்தது தெரியாது.

'"நாங்கள் இன்று நேற்றல்ல, மூன்று தலைமுறையாகப் பச்சை" என்கிறார் வெர்லின் ஸ்டக்கி. "1937இல் என் தாத்தா தொடங்கி வைத்தார். என் அப்பாவும் கடைசி மூச்சு வரை பச்சை. என் கொட்டகையில் சிவப்பு என்று ஒரு பொருள் கிடையாது. சிவப்புக்காரர்களுக்கு எடுத்துச் சொல்லிப் பயனில்லை, பட்டால்தான் தெரியும். என்னைப் புதைக்கிற பெட்டிக்கும் பச்சைதான் அடிக்கச் சொல்லியிருக்கிறேன்."'

ஆர்டிஸ் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

விஷயம் இதுதான். டோலிவரில் பச்சை, சிவப்பு என்றால் முதலில் டிராக்டர். ஒரு கம்பெனி வண்டி பச்சை, இன்னொரு கம்பெனி வண்டி சிவப்பு. பச்சை வீட்டுப் பெண் சிவப்பு வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டால் தேவாலயத்தில் பின்வரிசை வரை முணுமுணுப்பு போகும். அதற்கு அடுத்தபடிதான் கட்சி. கட்சிக்கு நிறம் சிவப்பு. நம்மூர்ச் சிவப்பு இல்லை, அதற்கு நேர் எதிர்த் திசை. பிக்கெட் கவுண்டியில் அந்தக் கட்சியைத் தவிர வேறு கட்சிக்கு ஓட்டுப் போட்டவர்களை விரல் விட்டு எண்ணலாம். மரம், மட்டை, பூமி, ஆகாயம் என்கிற பச்சை இருக்கிறதே, அது மூன்றாவதாக, மெதுவாக, வெளியூரிலிருந்து வந்தது. வெர்லின் காதில் அது விழவே விழாது.

"இருபதாவது கேள்வி" என்றாள் ஆர்டிஸ், பலவீனமாக. "'உங்கள் குடும்பம் எவ்வளவு காலமாகப் பச்சை?' நான் காலியா விட்டுட்டேன். அதான் அந்த கோர்ட் ஹவுஸ் பொண்ணு அவருக்குப் போன் பண்ணிக் கேட்டிருக்கா."

மார்லா நிமிர்ந்து பார்த்தாள். "படிவம் போட்டது நீயாம்மா?"

"ஜன்னலுக்காகப் போட்டேன்டி."

அவ்வளவுதான், மார்லாவுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. மேசை மேல் தலையை வைத்துக்கொண்டு சிரித்தாள். கண்ணைத் துடைத்தாள். மறுபடி 'பெட்டிக்கும் பச்சை' என்று படித்துவிட்டு மறுபடி சிரித்தாள். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"ரெண்டு மணிக்குப் பக்கத்த அச்சகத்துக்கு அனுப்பணும்."

"இத இந்த வாரம் போடாதடி. தேர்தல் முடியட்டும். ஒரே ஒரு வாரம்."

 மார்லா சுவரைக் காட்டினாள். அங்கே சட்டம் போட்டு மாட்டியிருந்தது, வெர்லினின் கையெழுத்தில்: 'உள்ளூர்ச் செய்தி புதன் பன்னிரண்டு மணிக்குள் வந்தால் அந்த வாரமே போடு. யார் வீட்டுச் செய்தி என்று கேட்காதே.'

கேட்கவும் மாட்டார். ஆர்டிஸின் தம்பி குடித்துவிட்டு ஏழு தபால் பெட்டிகளை இடித்துத் தள்ளியதைப் போட்டார். ஆர்டிஸே காரைப் பின்னால் எடுத்துத் தேவாலயத்தின் அறிவிப்புப் பலகை மேல் ஏற்றியதையும் போட்டார், படத்தோடு. அன்று இரவு அவள் அழுதபோது, "எல்லாருக்கும் ஒரே சட்டம் ஆர்டி, இல்லேன்னா அது பத்திரிகை இல்ல" என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் உட்கார்ந்து சூப் குடித்தார்.

வாசல் மணி கிணுகிணுத்தது. உள்ளே வந்தவர் ராய்ஸ் டெங்லர். பன்றிப் பண்ணைக்காரர், சிவப்பு டிராக்டர் பரம்பரை, அதே கட்சிக்குள் செவ்வாய்க்கிழமை வெர்லினை எதிர்த்து நிற்பவர். காற்றாலைக் கம்பெனிக்கு நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருக்கிறார். 'என் நிலம், என் இஷ்டம்' என்பது அவருடைய பலகை. அவர் முகத்தில் இருந்த மலர்ச்சியைப் பார்த்ததுமே ஆர்டிஸ் செய்திக்குறிப்பைக் கவிழ்த்து வைத்தாள்.

"ஆர்டிஸ்! வாழ்த்து சொல்லலாம்னு வந்தேன்" என்றார் ராய்ஸ், தொப்பியைக் கழற்றி. "கோர்ட் ஹவுஸ்ல எல்லாரும் அதத்தான் பேசிக்கறாங்க. நாலு மாசமா உன் வீட்டுக்காரன் என்னைப் பசுமைக்காரன், பசுமைக்காரன்னு பேப்பர்ல காய்ச்சி எடுத்தானே. கடைசில பார்த்தா மூணு தலைமுறையா அவன்தான் பச்சை!"

"அவர் டிராக்டரச் சொன்னார் ராய்ஸ். உனக்கே தெரியும்."

"எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியணுமே! 'சிவப்புன்னு ஒரு பொருள் கிடையாது'ங்கறான். நாளைக்குக் கட்சிக் கூட்டத்துல இத நான் நிதானமா, கண்ணாடி போட்டுக்கிட்டு வாசிப்பேன்." மார்லா பக்கம் திரும்பினார். "பன்னெண்டு மணிக்குள்ள வந்த செய்திதானேம்மா?"

"ஒம்பது மணிக்கே வந்துடுச்சு" என்றாள் மார்லா, பல்லைக் கடித்துக்கொண்டு.

"அப்ப சரி. எல்லாருக்கும் ஒரே சட்டம்." ராய்ஸ் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். போகிற உத்தேசமே இல்லை. டிக்கெட் இல்லாமல் கிடைத்த நாடகத்தை யார் விடுவார்கள்?

*

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வெர்லின் தன் பத்தியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

மனைவியைப் பார்த்தார். எதிராளியைப் பார்த்தார். "யார் செத்தா?" என்று கேட்டார்.

 மார்லா தாளை நீட்டினாள். வெர்லின் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, நின்றபடியே படித்தார். காது மடல் முதலில் சிவந்தது. பிறகு கழுத்து. கடைசிவரை படித்துவிட்டு மறுபடி மேலேயிருந்து தொடங்கினார். முப்பது வருடம் பத்திரிகை நடத்தியவர். எந்தச் செய்தியையும் இரண்டு முறை படிக்காமல் பேச மாட்டார்.

"முப்பத்தேழு இல்ல" என்றார் கடைசியில். "தாத்தா வாங்கினது முப்பத்தெட்டுல."

ராய்ஸ் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"அது டிராக்டர்!" என்று கத்தினார் வெர்லின். "நான் டிராக்டரப் பத்திப் பேசினேன்! எத்தன வருஷமா பச்சைன்னு கேட்டா, சொன்னேன். ஏன் பச்சைன்னு கேட்டா, கொஞ்சமாக் குடிக்கும், நாள்கணக்கா உழைக்கும், புதுசு வாங்க வேண்டியதில்லன்னு சொன்னேன். 'உங்கள மாதிரி எல்லாரும் இருந்தா இந்தப் பூமி பிழைச்சுடும் ஐயா'ன்னா. விவசாயத்தச் சொல்றான்னு நெனச்சேன்!"

"அப்பா" என்றாள் மார்லா, "இந்த வார்த்தையெல்லாம் நீங்க சொன்னதா இல்லையா?"

வெர்லின் தாளை மேசை மேல் வைத்தார். அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை. அந்த ஒரு குணத்துக்காகத்தான் ஆர்டிஸ் அவரைக் கட்டிக்கொண்டாள். அந்த ஒரு குணம்தான் இப்போது அவர் கழுத்துக்குச் சுருக்காக விழுந்திருந்தது.

"போட்டிக்கு எந்தப் படுபாவி என் பேரக் கொடுத்தான்? இவன் வேலைதானே?" ராய்ஸைக் காட்டினார்.

"நான்தான்" என்றாள் ஆர்டிஸ்.

ராய்ஸின் சிரிப்பு நின்றது. அவர் எதிர்பார்க்காத காட்சி இது.

"நீயா?"

"நான்தான் வெர்லின். ஜனவரில. கடுதாசிகூட வந்துது. மாவு டப்பாவுல ஒளிச்சு வெச்சேன்."

"எதுக்கு? என் தேர்தல்ல நான் மண்ணக் கவ்வறதுக்கா?"

"தேர்தலாவது மண்ணாங்கட்டியாவது! குளிருது வெர்லின்." கோட்டைப் பிடித்து ஆட்டிக் காட்டினாள். அவள் நிறுத்தவில்லை. "முப்பத்தொரு குளிர்காலமா எனக்குக் குளிருது. குடிவந்த வருஷம் சொன்னேன், அடுத்த வருஷம் பாக்கலாம்னே. மார்லா ஸ்கூல் முடிச்ச வருஷம் சொன்னேன், நல்ல மரம், இன்னும் இருவது வருஷம் வரும்னே. அப்பறம் சொல்றத விட்டுட்டேன். கோட்டு வாங்கிக்கிட்டேன். நீ வர்றவன்கிட்டல்லாம் என் ரத்தம் மெல்லிசுங்கறே. என் ரத்தத்துக்கு ஒண்ணும் இல்ல. அந்த ஜன்னல் ஓட்ட."

அச்சுக்குப் போகவேண்டிய பக்கம் கணினியில் காத்துக்கொண்டிருந்தது. ராய்ஸ் தன் தொப்பியின் உள்பக்கத்தை ஆராய்ந்தார். மெதுவாக எழுந்து, "நான் அப்பறமா வரேன்" என்று சொல்லிவிட்டு, மணி கிணுகிணுக்காதபடி கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். என்ன இருந்தாலும் அவரும் பெண்டாட்டி உள்ளவர்.

வெர்லின் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். கொண்டுவந்த பத்தியைக் கொடுக்கவில்லை. "ரெண்டு மணிதானே?" என்று மட்டும் மகளிடம் கேட்டார். மகள் தலையாட்டினாள். அவர் மனைவியின் முகத்தைப் பார்க்காமல் வண்டியேறிப் போய்விட்டார்.

"கோவமா போறாராடி?" என்று கேட்டாள் ஆர்டிஸ்.

"தெரியலம்மா. அப்பா பேசாமப் போனத நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல."

*

ஒன்றே முக்காலுக்குத் தொலைபேசி வந்தது. மார்லா ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டுத் தட்டச்சுக்குத் தயாரானாள். எதிர்முனையில் வெர்லின் தொண்டையைச் செருமினார். தந்தி வாசகம் போல, நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.

"'முதல் பக்கத்தில் என்னைப் பற்றி வந்திருக்கும் செய்தி உண்மை. நான் சொன்னதாக வந்திருப்பதும் நான் சொன்னதே. நான் டிராக்டரைச் சொன்னேன். அந்தப் பெண் பூமியைச் சொன்னாள். இருவரும் ஏழு நிமிடம் எல்லா விஷயத்திலும் ஒத்துப்போனோம். அந்தப் பெண் கேட்ட கேள்விக்கெல்லாம் இப்போதும் என் பதில் அதேதான். ஆண்டை மட்டும் முப்பத்தெட்டு என்று திருத்திக்கொள்ளவும்.' அடிச்சிட்டியா?"

"அடிச்சிட்டேம்பா."

"'காற்றாடி விஷயத்தில் என் கொள்கை மாறவில்லை. என் கட்சி மாறவில்லை. என் டிராக்டரும் மாறவில்லை. வேண்டுமானால் ஓட்டுப் போடுங்கள், வேண்டாவிட்டால் டெங்லருக்குப் போடுங்கள். அவனும் கெட்டவன் இல்லை, அவன் டிராக்டர்தான் கெட்டது. பரிசாக வந்த ஜன்னலை நாங்கள் வாங்கிக்கொள்கிறோம். அதற்குக் காரணம் பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை.'"

 காகிதம் சரசரக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"'என் மனைவிக்குக் குளிர்கிறது. எனக்குத் தெரிய முப்பத்தொரு வருடம் ஆயிற்று.' அவ்வளவுதான். போடு."

மார்லா விசைப்பலகையிலிருந்து விரலை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஆர்டிஸ் கைப்பையில் கைக்குட்டையைத் தேடினாள். எல்லாம் அகப்பட்டது, கைக்குட்டை அகப்படவில்லை. கோட்டுக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எத்தனையோ பத்தி எழுதியிருக்கிறார் மனுஷன். அதில் ஒன்றில்கூட அவளுக்காக இரண்டு வரி வந்ததில்லை, தேவாலயப் பலகையை இடித்தபோது தவிர.

இரண்டு மணிக்குப் பக்கம் அச்சகத்துக்குப் போயிற்று. இனி ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது.

*

ஆர்டிஸ் வீட்டுக்கு வந்தபோது சமையலறையில் ஜன்னல் இல்லை.

ஜன்னல் இருந்த இடத்தில் பெரிய சதுர ஓட்டை. அதற்கு அந்தப் பக்கம் தோட்டத்தில், இடுப்பு வரை தெரிந்தபடி வெர்லின். கையில் நெம்புகோல். அவர் காலடியில் மக்கிய மரச்சட்டமும் உடைந்த கண்ணாடியும்.

"அளவெடுக்கலாம்னு லேசா நெம்பினேன்" என்றார், திருட்டு முழி முழித்துக்கொண்டு. "முழுசாக் கையோட வந்துடுச்சு ஆர்டி. உள்ளுக்குள்ள ஒண்ணுமே இல்ல, வெறும் தூள். இத்தன வருஷமா பெயின்ட்டுதான் அதத் தாங்கிட்டு இருந்திருக்கு."

"என்னைக் கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேனே."

"சொல்லியிருப்பே." நெம்புகோலைக் கீழே வைத்தார். "அந்தப் பத்திய உன் நாற்காலில உக்காந்துதான் எழுதினேன். பாத்துடலாம்னு உக்காந்தேன். பத்து நிமிஷத்துல கழுத்து பிடிச்சுக்கிச்சு. எப்பவுமே இப்படித்தான் இருந்துதா?"

"ஜனவரில இன்னும் மோசம்."

வெர்லின் தரையைப் பார்த்தார். "நான் ஒரு மடையன் ஆர்டி."

"அது எனக்குத் தெரியும்" என்றாள் ஆர்டிஸ். இரண்டு பேரும் சிரித்தார்கள். மார்ச் மாதக் காற்று சமையலறைக்குள் புகுந்து ஏழு ரொட்டிப் பைகளையும் படபடவென்று ஆட்டியது. இத்தனை குளிர் அந்த வீட்டில் என்றும் இருந்ததில்லை. ஆனால் அவளுக்கு உறைக்கவில்லை.

"ஒரே ஒரு விஷயம்" என்றார் வெர்லின். "இனிமே என்கிட்டேர்ந்து எதையும் மாவு டப்பாவுல ஒளிக்காத."

"மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா. போதுமா?"

"புது ஜன்னல் என்னிக்கு வருதாம்?"

"கடுதாசில போட்டிருக்கும். இரு, பாக்கறேன்."

ஆர்டிஸ் அலமாரியிலிருந்து மாவு டப்பாவை இறக்கி, மூடியைத் திறந்து, கடிதத்தை எடுத்து மாவைத் தட்டினாள். முதல் பக்கத்தை மேசை மேல் வைத்தாள். இரண்டாவது பக்கத்தை இப்போதுதான் முதன்முதலாகப் படித்தாள்.

'இந்த ஆண்டின் ஜன்னல் பரிசை அன்புடன் வழங்குவோர்: கேல்மார்க் காற்றாலை நிறுவனம், பிக்கெட் கவுண்டித் திட்டம். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நிறுவன அதிகாரிகள் ஜன்னலோடு நேரில் வந்து, திரு. வெர்லின் ஸ்டக்கியுடன் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொள்வார்கள்.'

கேல்மார்க். அறுபது காற்றாடி நட வந்திருக்கும் அதே கேல்மார்க். 'காற்றாடி வேண்டாம்' என்று நாலு மாதமாக வெர்லின் தொண்டை கிழியக் கத்தியது இவர்களைப் பார்த்துத்தான். 'பரிசாக வந்த ஜன்னலை வாங்கிக்கொள்கிறோம்' என்பது இந்நேரம் அச்சு இயந்திரத்தில் ஓடிக்கொண்டிருக்கும். பழைய ஜன்னலோ தோட்டத்தில் தூளாகக் கிடந்தது.

அவள் தாளை மடிக்கக் கை எடுத்தாள். அந்த நேரம் பார்த்து ஓட்டை வழியாக ஒரு காற்று உள்ளே சுழன்று, விரலிலிருந்து தாளைப் பிடுங்கி, வந்த வழியாகவே வெளியே கொண்டுபோய், வெர்லினின் மார்பில் ஒட்டிவிட்டுப் போயிற்று.

"இந்தா, ஒண்ணு பறந்து வந்துடுச்சு" என்றார் வெர்லின். தாளைப் பிடித்துக் கை நீளத்துக்குத் தள்ளிப் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். சட்டைப் பையைத் தடவினார். "என்னமோ பெரிய எழுத்துல போட்டிருக்கு. கண்ணாடிய உள்ள வெச்சிட்டேன் போல. எடுத்துக் குடு ஆர்டி."

கண்ணாடி மேசை மேல், அவள் கைக்குப் பக்கத்தில் இருந்தது. மாவு டப்பாவின் மூடி திறந்தே இருந்தது.

"இங்க காணோமே" என்றாள் ஆர்டிஸ்.